எல்லாம் நம் கையில்தானா?

“உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்.” மருந்துக்கடையில் தரும் பையில் இது இருக்கிறது. புதிதாகத் திறந்த ஜிம்மின் ஃப்ளெக்ஸில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் மாதம் ஒருமுறை அனுப்பும் ‘வெல்னஸ்’ மின்னஞ்சலில், ஒரு பச்சை இலைப் படத்துக்குக் கீழே இருக்கிறது. மறுக்க முடியாத வாக்கியம். நடக்கச் சொல்வதிலும், நேரத்துக்குத் தூங்கச் சொல்வதிலும், பீடியை விடச் சொல்வதிலும் என்ன தப்பு இருக்க முடியும்?

எனக்கு அதன்மேல் இருக்கும் சந்தேகம் வேறு. நன்றாக இருப்பவனிடம் சொல்லும்போது அது அறிவுரை. நோய் வந்தவனிடம் சொல்லும்போது அதே நாலு சொல், ஓர் எழுத்து மாறாமல், குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. ஆரோக்கியம் முழுக்க என் கையில் என்றால் நோயும் முழுக்க என் கைவேலைதானே? இந்த இரண்டாவது பாதியை யாரும் ஃப்ளெக்ஸில் அடிப்பதில்லை. ஆனால் சுகர் வந்தவர் வீட்டுக்குப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அதைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் சொன்னார்கள். கப்பலூரைத் தெரியாதவர்களுக்கு: மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலையில், ரிங் ரோடு வந்து சேரும் இடம். பஞ்சாலை, சிட்கோ தொழிற்பேட்டை, செய்தித்தாளில் அடிக்கடி வரும் அந்த டோல்கேட். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் 28 வருடம் நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும், லேத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. 52 வயதில் அவருக்குச் சுகர் என்று தெரிந்தது. அத்தை வந்து கேட்ட முதல் கேள்வி, “ஏண்ணே, வாயக் கட்ட மாட்டியா?” என்பதுதான். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன். மனசுல தெம்பு இருந்தா ஒண்ணும் அண்டாது.”

எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். காலையில் சர்வீஸ் ரோட்டில் நடந்தார், சோற்றைக் குறைத்தார், யார் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாகத்தான் உணர்ந்தார்.

அத்தையும் அப்பாவும் எதிரெதிராகப் பேசுவதுபோல இருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இருவரும் ஒரே கட்சி. நோய் என்பது அந்த ஆளுக்கும் அவர் மனசுக்கும் வாய்க்கும் இடையில் நடக்கும் விவகாரம் என்று இருவருமே நம்புகிறார்கள். அத்தை தோல்வியை அவர் கணக்கில் எழுதுகிறார். அப்பா வெற்றியைத் தன் கணக்கில் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்.

இந்தக் கட்சி தமிழில் புதிது இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ அட்டை கிழிந்து இருந்தது. அப்பாவின் தலைமுறையில் கொஞ்சம் படிக்கத் தெரிந்த பாதிப் பேர் வீட்டில் அது இருந்திருக்கும். 1988-ல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் கதாநாயகனுக்கே அவர் பெயர்தான். இலக்கிய வாசகர்கள் இந்தப் புத்தகங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது எனக்கு உவப்பில்லை. சாதியும் பணமும் சிபாரிசும் சேர்ந்து “உன்னால் முடியாது” என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், யாரோ ஒருவர் அச்சில் “முடியும்” என்று சொன்னது சின்ன விஷயமில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஏற முடியாதவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

காந்தி இந்தக் கட்சியின் பெரிய தலைவர். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்புத் துணிக்கு மாறியவர், உடம்பையும் அதே மாதிரிதான் நடத்தினார். எது தேவையில்லையோ அதைக் கழற்று. 1909-ல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் விளாசியிருப்பார். வாதம் எளிமையானது: நான் அளவு மீறித் தின்கிறேன், வயிறு கெடுகிறது, டாக்டர் மருந்து தந்து சரிசெய்கிறார், அந்தத் தைரியத்தில் மறுபடி தின்கிறேன். மருந்து இல்லாதிருந்தால் நான் என்னை அடக்கக் கற்றிருப்பேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மண் பட்டி, எனிமா, பட்டினி, நீண்ட நடை என்று அவர் வாழ்ந்தும் காட்டினார்.

1924 ஜனவரியில், எரவாடா சிறைக் கைதியாக இருந்தபோது, அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. புனே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் என்ற வெள்ளைக்கார சர்ஜன் கத்தி வைத்தார். பாதியில் மின்சாரம் போய், கடைசியில் ஹரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். காந்தியைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. உலகத்திலேயே ஒழுங்கான பழக்கங்கள் உள்ள மனிதரின் குடல்வாலும் அழற்சி காணும், அப்போது இன்னொருவர் கையில் விளக்கு வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு ஒன்று: தனக்கு நோய் வந்தபோதெல்லாம் காந்தி அதைத் தன் மனத்தூய்மைக் குறைவின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். அவர் மகாத்மா, அந்தச் சுமையைத் தூக்க அவரால் முடிந்தது. என் அத்தை அதையே என் அப்பா தலையில் வைக்கும்போது அது வெறும் சுமை.

மாத்திரையை நிறுத்திய அடுத்த வருடம் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வேறு கண்ணாடி வாங்கத்தான் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் விழித்திரையைப் பார்த்தார்கள். சர்க்கரையால் மாற்றம் தொடங்கியிருந்தது. வலி கிடையாது, மங்கல் கிடையாது. அப்பா “எனக்கு எல்லாம் நல்லாத்தான தெரியுது” என்றார். அதுதான் அந்த நோயின் குணம், ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்துதான் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மதுரைக்காரர்களுக்கு அவர் கதை தெரிந்ததுதான், ஆனால் நமக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒருவகை. 1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி. பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வந்த ஆசை அது. முப்பது வயதை ஒட்டி கடுமையான முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பேனா பிடிக்கவே திரும்பப் பழக வேண்டியிருந்தது. பிரசவ மருத்துவம் முடியாது என்றாயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறினார், 1951-ல் அதில் பட்டயம் வாங்கினார். அந்தக் கோணல் விரல்களோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. முடங்கிய விரல், மன உறுதி, வெற்றி. கைதட்டல்.

ஆனால் கதையை அப்படிச் சொன்னால் அதில் இருக்கும் நல்ல விஷயங்கள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. முதலில், அவர் விரல்கள் குணமாகவே இல்லை. 2006-ல் இறக்கும் வரை அப்படியேதான் இருந்தன. அவர் நம்பிக்கை விரலை நிமிர்த்தவில்லை. அவர் தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றி அமைத்தார், அவற்றைப் பிடிக்கப் பழகினார். தன்னால் முடியாததை எழுதிவைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதற்கு வழி தேடியவரின் கணக்கு இது. “மனம் வைத்தால் எல்லாம் முடியும்” என்ற ஆள் பிரசவ வார்டின் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

இரண்டாவது, அவர் தனியாள் இல்லை. அப்பா இறந்தபின் தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர், திருமணமே செய்துகொள்ளவில்லை. பின்னாளில் அவர் மருத்துவமனை தொடங்கக் கிளம்பியபோது அந்தத் தம்பி தங்கைகள் வந்து நின்றார்கள். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடமும் கணக்கும் பார்த்துக்கொண்ட தம்பி ஸ்ரீனிவாசன், இன்னும் சிலர். வீட்டை அடமானம் வைத்தார்கள், நகையும் அடகுக்குப் போனது. இதற்குப் பெயர் தன்னம்பிக்கை என்றால், அதில் ‘தன்’ எங்கே முடிகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவதுதான் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது. அந்த மருத்துவமனையின் அறுவை அரங்கில் மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்கு அறுவை முடியும்போது அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டால் போதும். தயார்செய்யும் வேலை முழுக்க, கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்களுடையது. டாக்டர் வி., மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் கடையைப் பார்த்து வியந்தவர் என்பது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை. பயிற்சி கொடுத்தால் யாராலும் செய்ய முடியும். தன் கையின் திறமையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க எல்லாக் காரணமும் இருந்தவர், எந்த ஒரு கையையும் நம்பி நிற்காத அமைப்பைக் கட்டினார். எங்கள் பாஷையில், ‘சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்’ தானாகவே இருந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். பணமும் அப்படித்தான். கொடுக்க முடிந்தவர்கள் கட்டணம் கொடுப்பார்கள், முடியாதவர்களுக்கு இலவசம், முன்னவர் பணத்தில் பின்னவர் சிகிச்சை நடக்கும். நூறு டாலர் அளவில் இறக்குமதியான கண் லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவர 1992-ல் ஆரோலேப் தொடங்கினார்கள். சுயசார்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது. இதில் ஒருவர்கூடத் தன் காலில் தனியாக நிற்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கைக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. மருத்துவமனையின் பெயரே சொல்லும், அவர் அரவிந்தரின் பக்தர். விடியலில் எழுந்து தியானம், படிப்பு, பிறகு அறுவை அரங்கம் என்று வாழ்ந்தவர். அரவிந்தரின் தத்துவம் எனக்கு ஒட்டவில்லை, ‘சாவித்ரி’யில் சில பக்கங்களுக்கு மேல் போக முடிந்ததில்லை. ஆனால் அவர் எதை நம்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். “எனக்கு ஒன்றும் ஆகாது” என்று அவர் நம்பவில்லை, அவருக்கு ஆகிவிட்டிருந்தது. “இது செய்யத் தக்க வேலை” என்று நம்பினார். இரண்டுக்கும் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்தான். முதலாவது நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு, உடம்பு அதைப் பொய்யாக்கலாம். இரண்டாவதை எந்த ரத்தப் பரிசோதனையும் பொய்யாக்க முடியாது.

அப்பாவின் நம்பிக்கை முதல் வகை. அதற்கும் சக்தி உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011-ல் பாஸ்டனில் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நோயாளிக்கு வெவ்வேறு நாட்களில் நிஜ இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவுமே இல்லாமல் சும்மா காத்திருப்பது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, நிஜ மருந்துக்கும் போலிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்: நல்லா இருக்கு. ஆனால் கருவி வைத்து மூச்சை அளந்தபோது நுரையீரல் குறிப்பிடத்தக்க அளவு திறந்தது நிஜ மருந்துக்கு மட்டும்தான். நம்பிக்கை நம் உணர்வைத் தொடுகிறது, வலியையும் களைப்பையும் நிஜமாகவே குறைக்கிறது. மூச்சுக்குழாய்க்கும் விழித்திரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. “நல்லாத்தான் இருக்கேன்” என்று அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் அவர் கண் கெட்டுக்கொண்டிருந்தது.

பழக்கத்துக்கு வருகிறேன். வில்லியம் ஜேம்ஸ் 28 வயதில், மருத்துவப் பட்டம் வாங்கியும் தொழில் பார்க்க முடியாமல், உடம்பும் மனசும் நொறுங்கிக் கிடந்தவர். 1870-ல் ஒரு நாள், சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க மனிதனால் முடியும் என்று நம்புவதையே தன் முதல் சுதந்திரத் தேர்வாக வைத்துக்கொள்வது என்று டைரியில் முடிவெடுத்தார். அந்த முடிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த மனிதர் இருபது வருடம் கழித்து எழுதிய உளவியல் நூலில் பழக்கத்துக்கு என்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார் என்பது எனக்கு அதைவிட முக்கியம். தினம் தினம் புதிதாக முடிவெடுத்துக்கொண்டிருந்தால் ஆள் தாங்க மாட்டான், பழக்கம்தான் தாங்கும். பழக்கத்தை விளக்க அவர் எடுத்த உவமை ஃப்ளைவீல். அப்பாவுக்குச் சொன்னால் உடனே புரியும். ஃப்ளைவீல் ஓட்டத்தைச் சேமித்து வைக்கும், தானாக ஓடாது. எங்கேயோ ஒரு மோட்டாரும் பெல்ட்டும் வேண்டும்.

தொழிற்பேட்டையிலும் மில்லிலும் அந்த மோட்டார் ஷிஃப்ட் சங்குதான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பகலில் தூங்கி எழுந்தவர் எப்போது நடப்பார்? “இரவு பத்து மணிக்குத் தூங்குங்கள்” என்று எங்கள் கம்பெனி மின்னஞ்சல் சொல்லும் நேரத்தில்தான் அவர்கள் டிபன் கேரியரோடு கேட்டுக்குள் நுழைகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே உடலின் நாள்-இரவு ஒழுங்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த மனிதரிடம் போய் ஒழுக்கம் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

இது ஏழ்மைப் பிரச்சினை மட்டும் என்றால் விளக்குவது சுலபம். 1967-ல் பிரிட்டனில் ‘வைட்ஹால்’ ஆய்வு தொடங்கியது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, பட்டினி கிடப்பவர் யாருமில்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இதய நோயால் இறந்தார்கள். கீழே இருப்பவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மிஞ்சியது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட் குழு ஒரு காரணத்தைப் பிடித்தது: தன் வேலை நாளில் தன் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பது. எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் சொல் இல்லாதவர்களின் இதயம் அதிகம் பாதிக்கப்பட்டது. ஆக, “உங்கள் கையில்” என்ற வாக்கியத்தில் ஒரு குரூரமான உண்மை இருக்கிறது. வாழ்க்கை எவர் கையில் உண்மையிலேயே கொஞ்சம் இருக்கிறதோ அவர் ஆரோக்கியமாக இருக்கிறார். இல்லாதவரிடம் அது இருப்பதாகச் சொல்வதால் அவருக்கு அது வந்துவிடாது.

இதைப் படித்துவிட்டு, “சரி, எல்லாம் அமைப்பின் கோளாறு, நாம் செய்ய ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொன்னால் அவரோடும் எனக்குச் சண்டைதான். அது அப்பாவை இன்னொரு விதத்தில் அவமதிப்பது. அவர் லேத்தில் நூலிழை பிசகாமல் கடைந்து தள்ளுகிறவர், அவருக்கு ஒரு மாத்திரையை நேரத்துக்குப் போடத் தெரியாது என்று நினைப்பது அறியாமை. திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது 95-ஆம் அதிகாரம், ‘மருந்து’. பத்தில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியே பேசும். செரித்தபின் சாப்பிடு, அளவோடு சாப்பிடு, ஒத்துக்கொள்வதைச் சாப்பிடு. அதுவரை அத்தை கட்சி. பிறகு நோய் முதலை நாடும் மருத்துவர் வருகிறார். கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு பங்கு என்கிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறவர். ஆயுர்வேத நூல்களிலும் இந்த நால்வர் உண்டு. நம் காலத்து அறிவுரைகளில் முதல் மூவரும் இருக்கிறார்கள், நாலாமவரைக் காணோம்.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபின் எங்கள் தெருவுக்கும் ஓர் அக்கா வர ஆரம்பித்தார். பி.பி. பார்ப்பார், விரலில் குத்திச் சுகர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். முதல் மாதம் அப்பா, “வச்சுட்டுப் போம்மா, பார்த்துக்கிறேன்” என்றார். அவர் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் பழைய அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, காலியாக இருந்த குழிகளை எண்ணினார். “பதினோரு நாள் போடலையே, அண்ணே. நைட் ஷிஃப்ட் வாரமா?” என்று கேட்டார். ஆமாம், அதே வாரம்தான். நைட் ஷிஃப்ட்டில் எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுவந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி டிபன் கேரியர் மூடியில் ஒட்டினார். ‘ஏன் போடலை’ என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் சுகர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கண்ணில் மாற்றம் மேலே போகவில்லை. பட்டறையில் புதிதாகச் சுகர் கண்ட பையன்களுக்கு அவர்தான் ஆலோசகர். “வாயக் கட்டுனேன், தினமும் நடந்தேன், எறங்கிருச்சு” என்பார். மூடியில் ஒட்டிய தாள் எண்ணெய் பட்டு ஊறிப்போய் இன்னும் அப்படியே இருக்கிறது.